கடையலா, தண்ணிச்சாறா, இலைக்கஞ்சியா?

எங்கள் வீட்டில் கீரை என்றைக்கும் ஓரத்து ஆள்தான். குழம்பும் ரசமும் கொலுவிருக்க, கீரை தட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம், தெருவுக்கு வந்து போனவர் கீரைக்கார அம்மா மட்டும்தான். கீரையை மட்டும் நம்பி ஒரு வேளைப் பசியை ஆற்ற முடியுமா என்று அந்த வாரம் பார்த்துவிட்டேன். நான்கு வழிகள், நான்கு வெவ்வேறு முடிவுகள்.

கடையலில் தொடங்கினேன். கொங்குப் பக்கத்தில் கடையல், தஞ்சைப் பக்கத்தில் மசியல். அரைக்கீரை, சிறுகீரை இரண்டுமே இதற்கென்று பிறந்தவை. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து வேகவைத்து மத்தால் கடைந்து, வெங்காய வடகம் தாளித்தால் அந்த மணத்துக்கே இன்னொரு கரண்டி சோறு இறங்கும். ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பு சேர்த்தால் வயிற்றிலும் நிற்கும். ஆனால் மத்துக்குப் பதில் மிக்ஸி என்பதை நான் ஒப்பமாட்டேன். ஒருநாள் சோம்பலில் அப்படிச் செய்து, சுவருக்குப் பூசுகிற பதத்தில் ஒரு பச்சைப் பசையைத்தான் பரிமாறினேன். உள்ளே வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் கடையும்போது இலை நசுங்குமே தவிர மாவாகாது; சோற்றோடு பிசையும்போது விரலுக்கு அது தெரியும்.

சட்டியை மூடாதே என்று பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் உண்டு. கீரை வேகும்போது அதிலிருந்து வெளிவரும் அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடினால் அது திரும்பச் சட்டிக்குள்ளேயே விழும். அமிலம் பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று நிறம் பழுப்பேறும். தக்காளியும் புளியும் கடைசியில் சேர்வதே நல்லது என்பதும் இதனால்தான். ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால் பச்சை நிற்கும். ஆனால் இலை கொழகொழத்துவிடும், வைட்டமின்களும் அழியும். நிறத்துக்காக இத்தனை விலை கொடுக்க வேண்டியதில்லை.

கடையலின் குறை ஒன்றுதான். சோறில்லாமல் அதற்கு வாழ்வில்லை.

செட்டிநாட்டுத் தண்ணிச்சாறு அப்படியல்ல. கிண்ணத்தில் ஊற்றி அப்படியே குடிக்கலாம். மணத்தக்காளிக் கீரைதான் இதன் நாயகன். சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய் தாளித்து, கீரையை வதக்கி, அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். கழுநீரில் கரைந்திருக்கும் மாவுதான் சாற்றுக்குச் சற்றே உடம்பு கொடுக்கிறது. மணத்தக்காளியின் இளங்கசப்பைத் தேங்காய்ப்பால் அடக்கும், ஆனால் கொன்றுவிடாது. வாய்ப்புண் என்றால் செட்டிநாட்டு வீடுகளில் முதலில் அடுப்பேறுவது இதுதான். சுவையில் நான்கில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். பசியில் கொடுக்கமாட்டேன்: குடித்த ஒரு மணி நேரத்தில் என் மகன் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டான்.

முருங்கைக்கீரை சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பூங்கா வாசலில் நடைப்பயிற்சிக்காரர்கள் வாங்கிக் குடிக்கிறார்களே, அதுதான். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டால் தொண்டைக்கு இதம். காம்பு ஆய்வதற்கு ஆகும் நேரத்தில் மற்ற மூன்றையும் செய்துவிடலாம் என்பது என் மனக்குறை.

சாறாகக் குடிப்பவற்றில் இலையைப் பார்த்து எடுக்க வேண்டும். பாலக்கிலும் தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் கூடுதல். வேகவைத்த நீரை வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சாறு என்றால் வடிப்பதற்கு வழியில்லை, எல்லாம் கிண்ணத்துக்கே வந்துசேரும். சிறுநீரகக் கல் வந்து பட்டவர்கள் பாலக் சூப்பிடம் எட்டி நிற்பது நல்லது.

நான்காவதான இலைக்கஞ்சியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா. அவர்கள் ஊரில் முசுட்டை, முல்லை, வாதநாராயணி என்று வேலியோரத்து இலைகளை இடித்துப் பிழிந்து சாறெடுப்பார்களாம். அரிசியோடு வறுத்த பயறும் பூண்டும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மிளகுத்தூள் தூவி இறக்குவது. குடிக்கும்போது தேசிக்காய், அதாவது நம் எலுமிச்சை, பிழிந்துகொள்ள வேண்டும். அந்தப் புளிப்பு நாக்குக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவும் எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது.

எனக்கு முசுட்டைக்கு எங்கே போவது? முருங்கை இலை இரண்டு கைப்பிடி, வல்லாரை அரைக் கைப்பிடி என்று எடுத்துக்கொண்டேன். வல்லாரை அதற்கு மேல் போனால் கசப்பு தலைதூக்கும். இதை இலைக்கஞ்சி என்று அழைக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கஞ்சி நன்றாக இருக்கிறது என்றார். இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அரிசி, பயறு, இலை, தேங்காய் எல்லாம் ஒரே பானையில் என்பதால் பசிக்கு இதை வெல்ல மற்ற மூன்றாலும் முடியவில்லை. வேலையும் குறைவு, கழுவுவதற்கு ஒரு பானை, ஒரு உரல். விருந்தாளி வந்தால் தண்ணிச்சாறு, மதியச் சோற்றுக்குக் கடையல், மற்ற நாட்களில் இலைக்கஞ்சி என்று இப்போது வைத்திருக்கிறேன்.

இரவில் கீரை ஆகாது என்பது அம்மாவின் சட்டம். அதை மீறும் துணிவு இல்லாததால், கஞ்சி வைக்கும் நாளில் மாலை ஐந்தரைக்கே கிண்ணங்கள் வந்துவிடும். எட்டு மணிக்குத் தோசைக்கல்லை எடுக்கவா என்று கேட்டால் அம்மா உட்பட யாரும் பதில் சொல்வதில்லை.