தொலைவில் இழுக்கும் காந்தம், நெருங்கிப் பிடிக்கும் காந்தம்: மூன்று பழைய கியர்பாக்ஸ்கள்

பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து கோக்கும் ஏற்பாட்டை 1928-இல் கேடிலாக் கொண்டுவரும் வரை, கியர் மாற்றுவது ஓட்டுநரின் காதையும் காலையும் நம்பிய கலை. பிசகினால் பெட்டிக்குள் பற்கள் நறநறவென்று அரைபடும். அந்தத் தொல்லையை ஒழிக்கப் புறப்பட்டவர்களில் மூவரை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் ஹேன்ஸ் கார் 1914-இல் வல்கன் என்ற மின்சாரக் கியர்மாற்றியோடு வந்தது. ஸ்டியரிங்கில் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளட்சை முழுக்க மிதித்தால், கம்பிச்சுருள் காந்தம் இரும்புத் தண்டை இழுத்து, நகரும் பல்சக்கரத்தை இணையோடு சேர்க்கும். கைக்கு ஓய்வு கிடைத்தது. பற்கள் மோதுவது மட்டும் நிற்கவில்லை. காந்தத்துக்குக் கொடுத்த வேலையும் தவறு. இடைவெளி இரட்டித்தால் அதன் இழுவிசை ஏறத்தாழ கால் பங்காகிவிடும். தண்டு தொலைவில் நிற்கும்போது வலு போதாது. நெருங்கியபின் தேவைக்கு மேல் ஏறி அறையும்.

1930களில் பிரான்சில் வந்த கோத்தால் பெட்டி இதைத் தலைகீழாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. நடுவே சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே உள்நோக்கிப் பல் வெட்டிய வளையம். பற்கள் எப்போதும் கோத்தபடியே இருப்பதால் மோதலுக்கே இடமில்லை. சுமையும் கோள்களிடையே பகிரப்படுகிறது. இத்தகைய தொகுதிகள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின்காந்தங்கள்: ஒன்று ஓர் உறுப்பை அசையாமல் பிடித்து வேகத்தைக் குறைக்கும், மற்றது தொகுதியை ஒரே உருளையாகப் பூட்டும். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு கியர்கள். காந்தம் பிடிக்கும் தகடு மயிரிழை தூரமே நகர்கிறது. அந்த நெருக்கத்தில்தான் மின்காந்தம் அசுர பலம் காட்டும். டெலாஹே 135 காரில் ஸ்டியரிங் தண்டிலிருந்த சிறு நெம்புகோலை விரல்நுனியால் தட்டினாலே கியர் மாறிவிடும்.

முதல் டாங்கிகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான வால்டர் வில்சனின் பெட்டியிலும் கோள் சக்கரங்கள்தான். பிடிப்பதற்கு உருளைகளைச் சுற்றிய பிரேக் பட்டைகளும் ஒரு முரட்டுச் சுருள்வில்லும். அடுத்த கியரை முன்கூட்டியே நெம்புகோலில் குறித்துவைத்து, வேண்டிய கணத்தில் பெடலை முழுக்க மிதித்து விடுவிக்க வேண்டும். அரைகுறையாக மிதித்தால் பெடல் திருப்பி உதைக்கும். இடதுகால் அதை மறக்காது. பட்டை தேய்ந்தால் தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பு இதன் பெருஞ்சிறப்பு.

கார் ஓட்டும் சுகத்துக்குக் கோத்தாலையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதன் பிடி முழுவதும் மின்சாரத்தில் நிற்கிறது. பேட்டரி செத்தால் எந்தக் கியரும் விழாது; வண்டியைத் தள்ளி இயந்திரத்தைக் கிளப்பவும் முடியாது. வில்சனின் பிடிக்கு மின்சாரமே வேண்டாம். நாள் முழுக்க நின்று நின்று ஓடும் பஸ்ஸுக்கு அதுதான் பொருத்தம். லண்டனின் ஆர்.டி. ரக பஸ்களில் மிதிகாலின் பாரத்தைக் காற்றழுத்தம் ஏற்றுக்கொள்ள, வில்சன் வழிப் பெட்டிதான் ஓடியது. அவற்றில் பல பிறகு இலங்கைச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தன.