தனியாக ஒரு பாலைவன ஓய்வு: செடோனா, பாம் ஸ்பிரிங்ஸ், டூசான், ஓஹோ காலியென்டே

தனியாகப் போகும் பயணத்தில் கால் வலிக்கும் முன்பே மண்டை காய்ந்துவிடும். எந்தப் பாதையில் நடப்பது, வண்டியை எங்கே விடுவது, எப்போது சாப்பிடுவது, இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்று காலையிலிருந்து இரவு வரை அத்தனையையும் ஒரே ஆள் யோசிக்க வேண்டும். கூட ஒருவர் இருந்தால் பாதியை அவர் தலையில் கட்டிவிடலாம். அதனால் நடையும் வெந்நீர்க் குளியலும் சேர்ந்த ஓய்வுப் பயணத்துக்கு ஊர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது அழகை அல்ல. நடந்து முடித்த இடத்திலிருந்து தொட்டியில் இறங்கும் வரை எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான்.

அமெரிக்கத் தென்மேற்கில் இதற்குப் பேர்போன நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: அரிசோனாவில் செடோனாவும் டூசானும், கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ், நியூ மெக்சிகோவில் ஓஹோ காலியென்டே. யாரைக் கேட்டாலும் முதலில் செடோனா என்பார்கள். என் கணக்கில் அது கடைசி. திட்ட நினைப்பவர்கள் காரணத்தைப் படித்துவிட்டுத் திட்டலாம்.

செடோனாவும் பாம் ஸ்பிரிங்ஸும்

அழகில் செடோனாவை அடிக்க மற்ற மூன்றாலும் முடியாது. இரும்பு ஆக்சைடு ஏறிய மணற்பாறைகள் மாலை வெயிலில் தணல் மாதிரி சிவக்கும். பீனிக்ஸிலிருந்து வடக்கே 2 மணி நேர ஓட்டம். ஊர் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படங்களில் பார்க்கும் கைதூக்கிய பெரிய கள்ளிகளை இங்கே தேடாதீர்கள். ஜூனிப்பரும் பைன் வகைகளும்தான்.

நடைக்கு கதீட்ரல் ராக் ஒன்று போதும் உதாரணத்துக்கு. ஒரு வழிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அதற்குள் 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பாதி வழியில் பாறை வெடிப்பு ஒன்று வரும். கைத்தடியை முதுகில் செருகிவிட்டு, இடது காலை ஒரு சுவரிலும் வலது காலை எதிர்ச் சுவரிலும் ஊன்றித்தான் ஏற முடியும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கீழே பார்த்து வயிற்றைக் கலக்கும். தனி ஆளுக்கு ஒரே ஆறுதல், முன்னாலும் பின்னாலும் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். கூட்டத்தைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம். கணுக்கால் பிசகினால் அந்தக் கூட்டம்தான் நமக்குத் துணை.

சிக்கல் பாதையில் இல்லை, பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. 2022 முதல் இலவச ஷட்டில் பேருந்து விடுகிறார்கள். அது ஓடும் நாட்களில் கதீட்ரல் ராக் வாகன நிறுத்துமிடத்தையே மூடிவிடுவார்கள். பல இடங்களில் வண்டி விட ரெட் ராக் பாஸ் என்ற அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். அப்புறம், பலருக்குத் தெரியாத விஷயம்: செடோனாவில் இயற்கை வெந்நீர் ஊற்று கிடையாது. ஸ்பாக்கள் அருமையாக இருக்கும், மசாஜ் கைகள் தேர்ந்த கைகள், ஆனால் தொட்டியில் இருப்பது காய்ச்சிய தண்ணீர். பாய்ன்டன் பள்ளத்தாக்கில் உள்ள மீ ஆமோ மாதிரியான இடங்களில் சில நாள் தங்கும் தொகுப்பாகவே எடுக்கிறார்கள். நிலத்திலிருந்து சக்தி சுழன்று கிளம்புவதாகச் சொல்லப்படும் 'வோர்டெக்ஸ்' இடங்கள் நான்கு இருக்கின்றன. நம்பிக்கை அவரவர் பாடு. நான்கிலும் உட்கார நல்ல பாறை உண்டு, அது உறுதி.

பாம் ஸ்பிரிங்ஸ் இதற்கு நேர்மாறு. ஊரே தண்ணீரால் வந்த ஊர். நகர நடுவில் உள்ள வெந்நீர் ஊற்று அகுவா காலியென்டே காவிலா பழங்குடியினருக்குச் சொந்தம். அவர்கள் அங்கே 2023-ல் புதிய ஸ்பா திறந்தார்கள். பக்கத்து ஊர் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் இன்னும் சுவாரசியம். 1913-ல் அங்கே குடியேறிய கபோட் எர்க்ஸா என்பவர் கையால் கிணறு வெட்டினார், வெந்நீர் வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று வெட்டினார், குளிர்ந்த நீர் வந்தது. சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவின் ஒரு கிளை நடுவில் சுவர் மாதிரி ஓடுவதுதான் காரணம்: பிளவின் ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் குளிர்ந்த நிலத்தடி நீர். கந்தக வாடை இல்லாத கனிமநீர் என்பதால் குளித்துவிட்டு வந்து இன்னொரு முறை சோப்பு போட வேண்டியதில்லை. சின்னச் சின்ன விடுதிகள், பத்துப் பதினைந்து அறைகள், நடுவில் தொட்டிகள். அறைக் கதவைத் திறந்தால் இருபது எட்டில் தண்ணீர். சில விடுதிகளில் உடை கட்டாயமில்லை என்று இருக்கும். புக் செய்யும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது, அங்கே போய் விழிக்க வேண்டாம்.

நடையிலும் சோடை போகவில்லை. பழங்குடியினர் பராமரிக்கும் இந்தியன் கேன்யன்ஸில் ஓடையோரமாகப் பனை நிழலில் நடக்கலாம். பாலைவனத்தில் நிழலில் நடப்பது எவ்வளவு பெரிய சொகுசு என்று நடந்தவருக்குத் தெரியும். டாக்விட்ஸ் பள்ளத்தாக்கில் 3 கிலோமீட்டர் சுற்று, மழை பெய்த பருவத்தில் முடிவில் அருவி. வெயில் தாங்கவில்லையா, கேபிள் கார் இருக்கிறது. 1963 முதல் ஓடுகிறது, சுமார் 800 மீட்டர் உயரத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்துக்குப் பத்தே நிமிடத்தில் ஏற்றிவிடும். கீழே கள்ளி, மேலே பைன் காடு, குளிர்காலத்தில் பனி. பெட்டியின் தரை மெதுவாகச் சுழல்வதால் ஜன்னலோர இடத்துக்கு அடிபிடி கூட இல்லை. செப்டம்பரில் சில வாரம் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள்.

ஒரு மணி நேரத் தொலைவில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. காருக்கு 30 டாலர் கட்டினால் 7 நாள் செல்லும். ரயன் மலை ஏறி இறங்க 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். ஆனால் உள்ளே அலைபேசி சிக்னல் அநேகமாகக் கிடையாது, தண்ணீர்க் குழாய்களும் விளிம்புப் பகுதிகளில் மட்டும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. இதை மட்டும் தனியாகப் போகிறவர் விளையாட்டாக எடுக்கக் கூடாது.

குறை என்றால் காற்று. டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸில் வசந்த காலத்தில் காற்று சுழற்றி அடிக்கும். பக்கத்துக் கணவாயில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

டூசான்: பணத்தைக் கொடுத்து யோசனையை ஒழிப்பது

சோனோரன் பாலைவனத்தின் முழு அழகைப் பார்க்க வேண்டுமானால் டூசான்தான். கைதூக்கிய கள்ளி என்றேனே, சவாரோ, அது இங்கேதான். முதல் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டு ஆகும். சவாரோ தேசியப் பூங்கா ஊருக்குக் கிழக்கே ஒரு துண்டு, மேற்கே ஒரு துண்டு. மேற்கில் கள்ளி அடர்த்தி, கிழக்கில் மலைப்பாதை. சபீனோ பள்ளத்தாக்கில் மின்சார வண்டியில் மேலே போய் இறங்கி நடந்து திரும்பலாம். வெயில் கடித்தால் லெமன் மலைக்குக் கார் ஏறலாம், உச்சி 2,790 மீட்டர்.

இங்கே தனியாளுக்குச் சாதகமானது, எல்லாம் அடங்கிய ஸ்பா ரிசார்ட்டுகள். 1979-ல் தொடங்கிய கேன்யன் ராஞ்ச், அப்புறம் மிராவல். விடியற்காலையில் வழிகாட்டியோடு நடைக்குப் பெயர் கொடுத்தால் போதும், சாப்பாடும் வகுப்பும் தயாராக இருக்கும். தனியாக வந்தவர்கள் நிறைய இருப்பதால் சாப்பாட்டு மேசையில் "இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்ற கேள்வி வராது. ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். அதற்கான விலையை வாங்கிவிடுவார்கள்: சீசனில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். இருவர் தங்கும் அறையில் ஒருவர் தங்கினால் தலைக்கு விழும் தொகை இன்னும் ஏறும்.

டூசான் நடையில் நான் பட்டது ஒன்று. சோயா என்று ஒரு கள்ளி (சாப்பிடும் சோயாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), பஞ்சு மாதிரி சாதுவாக நிற்கும். அதன் உருண்டை ஒன்று என் காலுறையில் ஒட்டிக்கொண்டது. கையால் பிடுங்கினேன், காலை விட்டுவிட்டு இரண்டு விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் இழுக்க இழுக்கத் தோலும் கூடவே எழும்பும். எதிரே வந்த ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து சாதாரண சீப்பை எடுத்து, உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, ஒரே சுண்டு. போயே போய்விட்டது. இப்போதெல்லாம் பையில் சீப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை.

ஓஹோ காலியென்டே

ஸ்பானிய மொழியில் 'ஓஹோ' என்றால் கண். ஊற்றுக்கண் என்று நாம் சொல்கிறோமே, அதே கண். சாண்டா ஃபேயிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். 1868-லிருந்து குளியல் விடுதியாக நடக்கிறது. இரும்பு, சோடா, ஆர்சனிக் என்று தொட்டிகளுக்கே நீரின் பெயர். ஆர்சனிக் என்றதும் பதற வேண்டாம், குளிக்கத்தான், மிகச் சிறிய அளவுதான். குளத்தில் எல்லோரும் கிசுகிசுத்துத்தான் பேச வேண்டும் என்பது விதி. பேச ஆள் இல்லாமல் வந்தவருக்கு இதைவிட வசதியான விதி உண்டா?

நடைபாதைகள் விடுதியின் பின்வாசலிலிருந்தே கிளம்புகின்றன. கார் சாவியைத் தொட வேண்டாம். ஒரு பாதை பழைய மைக்கா சுரங்கத்துக்குப் போகிறது. தரையெங்கும் செதில்கள் மின்னும், திரும்பி வந்து காலணியைத் தட்டினால் அறை வாசலும் மின்னும். இன்னொன்று டேவா பழங்குடி மக்களின் முன்னோர் வாழ்ந்த போசி-ஊயிங்கே என்ற இடிந்த ஊருக்கு ஏறுகிறது. உடைந்த பானை ஓடுகள் காலடியில் கிடக்கும். பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

என் கணக்கில் இதுதான் முதலிடம். ஆனால் பாதைகள் சில மணி நேரத்துக்கானவை. நாள் முழுக்க நடக்கிற ஆசாமிகளுக்கு இரண்டு நாளில் அலுத்துவிடும். அவர்கள் நீண்ட நடைபாதைகள் உள்ள கோஸ்ட் ராஞ்ச் பக்கம் காரில் போக வேண்டியிருக்கும். முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு நான் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸையே சொல்வேன்: விமான நிலையம் பக்கம், மனம் மாறினால் ஊர் பக்கம்.

மாதமும் நேரமும்

சங்கப் பாட்டில் பாலைக்கு உரிய பொழுது நண்பகல். நாம் தவிர்க்க வேண்டியதும் அதே நண்பகல். பாம் ஸ்பிரிங்ஸில் கோடையில் 43 டிகிரி சர்வசாதாரணம். இந்தியன் கேன்யன்ஸ் அப்போது வாரக் கடைசியில் மட்டும்தான் திறக்கும். டூசானில் ஜூலை, ஆகஸ்டில் மதிய இடிமழையும் காட்டாறும் சேர்ந்துகொள்ளும். வானம் வெளுத்திருந்தாலும் மேலே மலையில் பெய்த மழை வறண்ட ஓடையில் திடீரென்று வந்து இறங்கும். டிசம்பர், ஜனவரிக்கு இந்த இரண்டும் அருமை. செடோனாவிலும் ஓஹோ காலியென்டேயிலும் அப்போது இரவில் உறையும், பனியும் விழலாம். நடைக்கு அது தொல்லை, வெந்நீரில் கழுத்து வரை அமிழ்ந்திருப்பவருக்குத் தொல்லையே இல்லை. அக்டோபர் கடைசி, நவம்பர் என்றால் நான்கும் சரி. ஏப்ரலில் கோச்செல்லா இசை விழா நடக்கும் வாரக் கடைசிகளில் பாம் ஸ்பிரிங்ஸும், ரத்தினக்கல் சந்தை கூடும் பிப்ரவரி முதல் பாதியில் டூசானும் அறை வாடகையை ஏற்றிவிடும்.

நாளை அடுக்குவதில் ஒரு வரிசை இருக்கிறது. விடியலில் நடை, மதியம் தூக்கம், மாலையில் தண்ணீர். தோலைத் தேய்த்தெடுக்கும் ஸ்க்ரப் வகையறாக்களைக் கடைசி நாளுக்கு வையுங்கள். நான் முதல் நாளே செய்துகொண்டு மறுநாள் வெயிலில் நடந்தேன். தோள் பட்டை இரண்டும் வெந்துபோய் மிச்ச நாளெல்லாம் மசாஜுக்கே படுக்க முடியவில்லை. நடந்து வந்த கையோடு வெந்நீரில் விழாதீர்கள். காய்ந்த காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்றே தெரியாது. அந்த நிலையில் வெந்நீர் ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும், எழுந்ததும் தலை சுற்றும். பிடித்துக்கொள்ள பக்கத்தில் ஆள் இல்லை என்பதை மறக்க வேண்டாம். முதலில் உப்புச் சேர்ந்த ஏதாவது தின்று தண்ணீர் குடித்து அரை மணி உட்காருங்கள், அப்புறம் 15 நிமிடம் போதும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கிளம்புவது நல்லது.

கிளம்பும் முன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதி வரவேற்பில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். திரும்பியதும் அந்தச் சீட்டை நீங்களே வாங்கிக் கிழித்துப் போடுங்கள். நான் ஒரு தடவை மறந்துபோய் நேராகத் தொட்டியில் இறங்கிவிட்டேன். துண்டோடு நின்றுகொண்டு, கையில் டார்ச் பிடித்திருந்த விடுதிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.