சிறைக் காவலருக்கான கவச அங்கி: நல்ல பொருள், தவறான அளவு

எங்களுக்குத் தந்திருக்கும் கவச அங்கி எப்படி இருக்கிறது என்று புதிதாகப் பணியில் சேரும் பெண்கள் கேட்கிறார்கள். முதலில் உறையைத் திறந்து, உள்ளே இருக்கும் பலகத்தின் லேபிளைப் படிக்கச் சொல்கிறேன்.

குண்டு துளைக்காத உடை கத்தியையும் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. குண்டைப் பிடித்து நிறுத்தும் அதே அராமிட் என்னும் வலுவான செயற்கை இழை நெசவில், மெல்லிய கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு நுழைந்துவிடும். தரையில் தேய்த்துக் கூராக்கிய பல்துலக்கிக் காம்பும், கட்டிலில் இருந்து பெயர்த்த கம்பியும்தான் எங்களுக்கு ஆபத்து. அமெரிக்க தேசிய நீதி நிறுவனத்தின் 0115.00 தரவிதியில் கத்திக்கு ஒரு வகுப்பு, கூர்முனைக்கு இன்னொரு வகுப்பு. எங்கள் லேபிளில் இருப்பது கூர்முனை வகுப்பு, இரண்டாம் நிலை. அதாவது 33 ஜூல் ஆற்றலுடன் குத்தினாலும் முனை 7 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே வரக்கூடாது. தேர்வு செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. முழு மதிப்பெண்.

அணிந்து பார்த்தால்தான் கோபம் வருகிறது. அங்கியின் கீழ் விளிம்பு இடுப்புவாருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். எனக்கு அது வாரையும் தாண்டி இறங்குகிறது; உட்கார்ந்தால் மொத்தமும் மேலேறித் தொண்டையை அழுத்துகிறது. ஆண்களின் மார்பளவுக்கு வெட்டிய தட்டையான முன்பலகம் என் உடலோடு ஒட்டாமல் தூக்கி நிற்பதால், அக்குளுக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. குத்துகிறவன் பலகத்தைத் தேடியா குத்துவான்? பக்கப் பட்டையை இறுக்கினால் மூச்சு முட்டுகிறது. பண்டகசாலையில் கேட்டால், "எல்லாருக்கும் நடுத்தர அளவுதான் வந்திருக்கிறது, மேடம்" என்கிறார்கள். எல்லாரும் நடுத்தரமா என்று கேட்க வாய் வரை வந்தது.

இன்னொரு குறை, அங்கி ஆளுக்கொன்று இல்லை. முந்தைய பணிநேரத்தில் அணிந்தவரின் வியர்வை ஈரத்தோடு கைக்கு வருகிறது. உறையைத் துவைக்கலாம், பலகத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் படுக்கப்போட்டு உலர்த்த வேண்டும். வெயிலும் ஈரமும் அராமிடை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். பொதுவாகக் கிடக்கும் பொருளை யார் அவ்வளவு பார்த்துச் செய்வார்கள்? இங்கே அதை மடித்து அலமாரிக்குள் திணிக்கிறார்கள்.

கூடவே வந்த, அறைகளைச் சோதனையிடும்போது அணியும் கையுறை பிளேடுக்கு நன்றாகத் தாங்குகிறது. ஊசி அதைத் துளைக்கும். ஆகவே அதை மாட்டிக்கொண்ட தைரியத்தில் மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவாதீர்கள். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது இதே அங்கியையே வாங்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒருவர் அளவு நாடாவோடு எங்கள் பணியறைக்கு வந்து போகட்டும்.