டேன் கிராஃபுக்கு டெஸ்மாஸ்: பியூ பசங்க வீட்ல எல்லாம் இருக்க வேண்டிய ஆப்

பெங்களூரு அல்சூர்ல வீட்லயே பியூ (கர்நாடகால பதினொன்னு, பன்னெண்டாவது) பசங்களுக்கும் சிபிஎஸ்இ பதினொன்னாவது பசங்களுக்கும் மேக்ஸ் சொல்லிக் குடுக்குறேன், அதனால இந்த ரிவ்யூ டேன் கிராஃபுக்கு மட்டும்தான். சைன், காஸ் வரைக்கும் பசங்க எப்படியோ ஓட்டிடுவாங்க. டேன் வந்ததும் கை நின்னுடும், ஏன்னா அது ஏறி இறங்குற அலை இல்ல, பை/2 கிட்ட போகப் போக மேல போய்க்கிட்டே இருக்கும், அதைத் தாண்டினா கீழ இருந்து புதுசா கிளம்பி வரும். இதைப் போய் நகர்த்து, கவுத்துன்னு கேள்வி வந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே புரியாது.

டெஸ்மாஸ்ங்கறது சமன்பாட்டை டைப் பண்ணா கிராஃபை வரைஞ்சு காட்டுற ஆப். அதுக்குக் காசு கிடையாது, லாகின் பண்ணாமலே ஓடும், போன்ல இறக்கிட்டா நெட் இல்லன்னாலும் வேலை செய்யும். ஒய் = ஏ டேன்(பி(எக்ஸ் − சி)) + டி ன்னு டைப் பண்ணுங்க, ஸ்லைடர் வேணுமான்னு அதுவே கேக்கும், எல்லாத்துக்கும் சேத்துடுங்க. சி யோட எல்லையை மட்டும் −பை ல இருந்து பை வரைக்கும், ஸ்டெப் பை/4 ன்னு மாத்திக்கோங்க.

முதல்ல பி யை 1 லயும், சி, டி ரெண்டையும் 0 லயும் வச்சுட்டு, ஏ வை மட்டும் 1 ல இருந்து 3 க்கு இழுக்க விடுங்க. வளைவு செங்குத்தாகும், (பை/4, 1) ல இருந்த புள்ளி (பை/4, 3) க்குப் போகும், ஆனா அசிம்ப்டோட், அதாவது வளைவு நெருங்கிக்கிட்டே போயும் தொடாத அந்த நேர்க்கோடு, இம்மி நகராது. ஆம்ப்ளிட்யூட் (நடுக்கோட்டுல இருந்து உச்சம் வரைக்கும் உள்ள உயரம்) 3 ன்னு எழுதுற பழக்கம் அங்கயே போயிடும், உச்சமே இல்லாத வளைவுக்கு ஏது ஆம்ப்ளிட்யூட்! அப்புறம் பி யை 2 ஆக்கினா பீரியட், அதாவது வளைவு திரும்பத் திரும்ப வர்ற இடைவெளி, பை ல இருந்து பை/2 ஆகுது. இதுக்குத் தனி வரியில எக்ஸ் = சி + பை/(2பி) ன்னு அடிச்சு புள்ளிக்கோடா மாத்தி வச்சீங்கன்னா, ஸ்லைடரை இழுக்க இழுக்க அந்த அசிம்ப்டோட்டும் கூடவே வரும், எனக்கு இந்த ஆப்ல ரொம்பப் புடிச்ச இடம் இதுதான்.

டேன்(2எக்ஸ் − பை/2) வந்தா பாதிப் பேர் பை/2 தள்ளிடுவாங்க. பக்கத்துலயே டேன்(2(எக்ஸ் − பை/4)) போட்டுக் காட்டுங்க, ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு அப்படியே உக்காரும், தள்ளினது பை/4 தான்னு கண்ணாலயே தெரிஞ்சிடும். இன்னொன்னு, ஏ = −1, பி = 1, சி = பை/2, டி = 0 வச்சா காட் எக்ஸ் வந்துடும், அதைப் பாக்கும்போது பசங்க முகத்தைப் பாக்கணுமே!

சின்ன போன்ல கீபோர்டே பாதி ஸ்கிரீனை எடுத்துக்கும், லேப்டாப் இருந்தா அதுல போடுங்க. அப்புறம் பேரண்ட்ஸுக்கு ஒன்னு, சிபிஎஸ்இ போர்ட் எக்ஸாம்ல கால்குலேட்டருக்கே அனுமதி இல்ல, அதனால புள்ளை முதல்ல கிராஃப் ஷீட்ல பென்சிலால அசிம்ப்டோட் ரெண்டு, நடுவுல எக்ஸ் அச்சைத் தொடுற புள்ளி, ரெண்டு பக்கமும் கால்வாசிப் புள்ளி குறிச்சு வரையட்டும், சரியான்னு பாக்க மட்டும் ஆப்பைத் திறக்கட்டும். அமெரிக்க காலேஜ்ல சேர எஸ்ஏடி எழுதுறவங்க கதை வேற, டிஜிட்டல் எஸ்ஏடி க்குள்ளயே டெஸ்மாஸ் இருக்கு, அவங்க இதுலயே கை பழகிக்கலாம்.

டேன் வளைவு தட்டையான கோடு மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, செட்டிங்ஸ் டிகிரில நிக்குது, ரேடியனுக்கு மாத்துங்க.