கடற்பாசித் தூளுக்கு 49,500 ரூபாய்: மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

நேற்று மாலை அந்த விற்பனையாளர் என் தொலைபேசி இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். ஆகவே இனியும் பொறுத்திருக்காமல் இதை எழுதுகிறேன். கோப்பாயில் மூன்று கறவை மாடுகளை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் எனக்கு, அந்த 49,500 ரூபாய் மாரிக்கு முன் கொட்டிலின் கூரையை மாற்றுவதற்காகச் சேர்த்த பணம்.

சமூக வலைத்தளப் பக்கமொன்றில் மாட்டுத் தீவனச் சேர்க்கை விற்பவர் அவர். தொலைபேசியில் அவர் விளக்கியவற்றில் பாதி உண்மை. நான் ஏமாந்ததும் அந்த உண்மையால்தான். மாட்டின் முதல் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன, அது பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது, தீவனச் சக்தியில் 2 முதல் 12 வீதம் வரை அவ்வாறு வீணாகிறது, அவுஸ்திரேலியாவில் ஒருவகைச் சிவப்புக் கடற்பாசியைக் கொடுத்து அதைக் குறைத்திருக்கிறார்கள் என்றார். இவை யாவும் சரியானவை. பிறகு, "லட்சுமி எத்தனையாம் ஈத்து அக்கா? வைக்கோல்தானே கூடப் போடுறியள்?" என்று வீட்டு மனிதரைப் போல விசாரித்தார். அந்தக் கேள்வியில் நான் கரைந்துபோனேன். தன் கடற்பாசித் தூளைக் கொடுத்தால் மாடொன்றுக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் பால் கூடும், மெதேன் பாதியாகும், அதற்குக் காபன் பணமும், அதாவது வாயுவைக் குறைத்ததற்கான கொடுப்பனவும், கிடைக்கும் என்று அவர் சொன்னதை நம்பி, மூன்று பொதிகளுக்கு முழுப் பணத்தையும் அன்றே வங்கியில் வைப்பிலிட்டேன்.

வந்த பொதிகளில் உற்பத்தியாளரின் பெயரோ, சேர்மானமோ, காலாவதித் திகதியோ இல்லை. தவிட்டுடன் நூறு கிராம் கலந்து கொடுத்த மூன்றாம் நாள் லட்சுமி அசை போடுவதைக் குறைத்தாள்; அடுத்த நாள் கழிச்சல் தொடங்கியது; ஏழு லீற்றர் கறந்தவள் நாலுக்கு இறங்கினாள். அழைத்துச் சொன்னபோது, "உடம்பு பழகுது அக்கா, மூன்று கிழமை பொறுங்கோ" என்றார். மறுமுறை தண்ணீர் போதாது என்றார். அதற்கடுத்த முறை என் புண்ணாக்கில்தான் பிழை என்றார். 49,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும், திறந்த பொதியை எடுக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். மற்ற இரண்டு பொதிகளும் இன்னும் கட்டுப் பிரிக்காமலே கிடக்கின்றன.

உடனே நிறுத்தச் சொன்ன கால்நடை வைத்தியர், பெயரில்லாத தூளுக்கு எதைக் கொண்டு மருத்துவம் செய்வது என்று கேட்டார். மெதேனைக் குறைக்கும் சேர்க்கைகள் உலகில் இல்லாமலில்லை. 3-நைட்ரொக்சிபுரோப்பனோல் என்ற பொருளுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாடுகளில் அனுமதி வழங்கியது. அது குறைப்பது ஏறத்தாழ 30 வீதம், பாலை இரண்டு லீற்றர் கூட்டுவதில்லை. மெதேனை அளக்க மூடிய அறையோ தனிக் கருவியோ வேண்டும். கொட்டிலில் நிற்கும் எவராலும் சரிபார்க்க முடியாத ஒன்றையே அவர் என்னிடம் விற்றிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு கொதிக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. சேர்மானம் அச்சிடாத பொதியை வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். எதையும் முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். இதே தூளை வாங்கியவர்கள் இன்றே நிறுத்துங்கள். லட்சுமிக்குக் கழிச்சல் நின்றுவிட்டது; ஆனால் தவிட்டு வாளியைக் கொண்டுபோனால் முகர்ந்துவிட்டு இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.