4 சானல் வைஃபை மாட்யூல்: செங்கோட்டை வீடுகளுக்கு ஒத்துவருமா?

நான்கு சுவிட்சுகளைப் போனிலிருந்தே இயக்க, சுவிட்ச் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் மாட்யூல் இது. ஸ்மார்ட் லைஃப் செயலியில் இணையும். லைட், ஃபேனுக்குத் தாராளம். ஃபேன் வேகத்தை மட்டும் மாற்றாது, பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கட்டும். மாட்யூல் இயங்க நியூட்ரல் (கரண்ட் திரும்பிப்போகும் ஒயர்) வேண்டும்; ஓட்டு வீடுகளில் சுவிட்ச் பெட்டிவரை அது வந்திருக்கிறதா என்று ஒயர்மேனிடம் முதலில் கேளுங்கள். எர்த்தை நியூட்ரலாக்கித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள், உயிருக்கே ஆபத்து.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் அதே பெயர் இருந்தால் இணைப்பு பாதியில் நின்றுவிடலாம். இணைத்து முடியும்வரை 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள்.

ஆளுக்கேற்ற வசதி அருமை. வீட்டாரைச் சாதாரண உறுப்பினராகச் சேர்த்தால் சுவிட்சை இயக்கலாம், எதையும் நீக்க முடியாது. ஆச்சி போனின் முகப்பில் வாசல் லைட் பொத்தான் மட்டும் போதுமே!

சொதப்புவது மோட்டாரில். 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. மாட்யூலுக்குள் சுவிட்சாக வேலை செய்யும் 10 ஆம்பியர் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டினால், செயலி 'ஆஃப்' காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) கட்டாயம்.

சாரல் காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும். மோட்டார், கீசர் சானல்களில் 'பவர்-ஆன்' நிலையை, அதாவது கரண்ட் திரும்பியதும் சுவிட்ச் இருக்கவேண்டிய நிலையை, 'ஆஃப்' என்றே வையுங்கள். 'பழைய நிலை' என்றிருந்தால், ஓடும்போது கரண்ட் போன மோட்டார், கரண்ட் வந்ததும் நடுராத்திரியில் வெறும் கிணற்றில் ஓடலாம்.