“சைக்கிள் ஆன ஸ்பஞ்ச்” என்று விற்றால் முதலில் பிழிந்து பாருங்கள்

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கப் போகிறவர்கள், அதுவும் முதல்முறை தொட்டி வைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னை ஏமாற்றிய கடையின் பெயரைப் போடப் போவதில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் இதே வித்தையில் மாட்டினால் என்ன பிரயோஜனம்?

நான் வாங்கியது இரண்டடித் தொட்டி, 50 லிட்டர் சொச்சம் பிடிக்கும். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது என்று தெரிந்துதான் போனேன். மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதைத்தான் தொட்டி ‘சைக்கிள் ஆவது’ என்பார்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து, அந்த பாக்டீரியா ஒட்டியிருக்கும் ஃபில்டர் ஸ்பஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அதைத்தான் கடைக்காரரிடம் கேட்டேன்.

“நம்மகிட்ட சைக்கிள் ஆன ஸ்பஞ்ச் ரெடியா இருக்கு சார். ஆறு மாசமா ஓடுது. இன்னைக்கே மீன் விடலாம், நான் கேரண்டி” என்றார். புது ஸ்பஞ்ச் ஃபில்டரைப் போல மூன்று மடங்கு விலை. கொடுத்தேன். நான் கேட்டது நாலு மோலி. அவர் கட்டிக் கொடுத்தது ஆறு கோல்டு ஃபிஷ், ஒரு ஜோடி ‘ஷார்க்’. “மோலி ஸ்டாக் இல்ல சார், இது அதைவிட ஸ்ட்ராங்கு.” கோல்டு ஃபிஷ் அளவுக்குக் கழிவு போடும் மீன் கடையில் குறைவு. ஷார்க் கதை தனி. விரல் நீளத்தில் விற்கும் அந்த மீன் பங்காசியஸ், பண்ணைகளில் சாப்பாட்டுக்கு வளர்ப்பது. மூன்றடிக்கு மேல் வளரும். எங்கே, இரண்டடித் தொட்டியிலா?

வாரம் முடிவதற்குள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ரத்தச் சிவப்பு. ஒரு கோல்டு ஃபிஷ்ஷின் வால் துடுப்பில் சிவப்பு நரம்புபோல் கோடு ஓடியது. தண்ணீர் பார்க்கப் பளிங்குபோல் இருந்தது, அதுதான் கொடுமை. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து ரசாயனச் சொட்டு விடும் டெஸ்ட் கிட்டில் அமோனியா பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் கரும்பச்சையாக மாறியது. 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8 பக்கம், அதாவது கொஞ்சம் காரத்தன்மை. அந்த பிஎச்சில், நம்மூர் வெப்பத்தில், மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு கடும் விஷமாக இருக்கும். பிஎச் 7 என்றால் அது ஒரு பங்குகூட இருக்காது. அதே 2 பிபிஎம் இன்னொருவர் வீட்டில் மீனைக் கொல்லாமல் இருக்கலாம், நம் போர் தண்ணீரில் கொன்றுவிடும்.

தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து டிடிஎஸ் பேனாவை எடுத்து முக்கினார். “320. சூப்பர் வாட்டர் சார், மீனுக்குத்தான் ஃபங்கஸ்.” டிடிஎஸ் பேனா கரைந்திருக்கும் உப்புக்களை மொத்தமாக மதிப்பிட்டுக் காட்டும், அவ்வளவுதான். அமோனியா 2 பிபிஎம் கூடினாலும் அந்த எண்ணில் தெரியாது. பிஎச் பட்டையும் அப்படித்தான். அமோனியா எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் ஃபாரின்ல பாக்குறது சார்” என்று சொல்லிவிட்டு மெத்திலீன் ப்ளூ (ஃபங்கஸுக்கு விடும் நீல மருந்து), ஆன்டி குளோரின், பாக்டீரியா பாட்டில் என்று வரிசையாக எடுத்து வைத்தார். மீன் செத்தால் மருந்து, மருந்துக்கும் அடங்காவிட்டால் புது மீன். முதல் மாதம் முழுக்க நாம் அவர்களுக்கு வருமானம்.

மூன்றில் ஒன்றுகூட அமோனியாவைக் குறைக்காது. ஆன்டி குளோரின் மெட்ரோ தண்ணீரின் குளோரினை மட்டும் எடுக்கும். பாக்டீரியா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், பாசில்லஸ் என்று போட்டிருந்தது. பாசில்லஸ் வெயிலில் அலமாரியில் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும், கழிவைச் சிதைக்கவும் செய்யும். ஆனால் ஃபில்டரில் நமக்கு வேண்டிய வேலையைச் செய்வது வேறு கூட்டம். மெத்திலீன் ப்ளூ இன்னும் மோசம், வளர்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். எதையும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்பஞ்சை ஒரு வெள்ளை மக்கில் பிழிந்தேன். ஆறு மாதம் ஓடிய ஸ்பஞ்ச் என்றால் பழுப்பாகச் சேறு இறங்க வேண்டும். இதிலிருந்து இறங்கியது வெளிர்நீலத் தண்ணீர். ஃபில்டரின் வெள்ளைக் குழாயைக் கழற்றினால் உள்பக்கம் நீலக்கறை. உறிஞ்சு கப்பிலும் நீலம். நான் ஒரு சொட்டு மருந்துகூட விடாத தொட்டி இது. கடையில் நோய் மீன் போடும் தொட்டியில் கிடந்ததைக் கழுவி மூன்று மடங்கு விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறார். மக்கையும் குழாயையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “உயிருள்ள பொருளுக்கு கேரண்டி இல்ல சார், பில்லுலயே போட்டிருக்கு.” ஸ்பஞ்ச் எப்போதிலிருந்து உயிருள்ள பொருள் என்று கேட்டதற்கு, “பாக்டீரியா உயிருதானே?” என்றார். பதிலுக்கு என்ன சொல்வது! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

மீன் விட்டாயிற்று, தொட்டி சைக்கிள் ஆகவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். பாதித் தண்ணீர் மாற்றினால் அமோனியாவும் பாதியாகும். அன்றே சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மாற்றி 0.5-க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் தினமும் டெஸ்ட், 0.25 தாண்டினால் தண்ணீர் மாற்றம். தீனி இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை. ஏர் பம்பை நிறுத்தவே இல்லை. அண்ணாநகரில் மீன் வளர்க்கும் நண்பர் தன் பழைய ஸ்பஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டேன். அமோனியா இறங்க ஆரம்பித்ததும் நைட்ரைட் ஏறியது, அதற்கான டெஸ்டில் நீலமாக இருக்க வேண்டிய குழாய் ஊதாவாகும். நைட்ரைட் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. அதற்கு 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு நல்ல காப்பு, உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் மறிக்கும். மாற்றும் தண்ணீருக்கு ஏற்ப மட்டும் மறுபடி உப்பு சேர்க்க வேண்டும்.

“வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி பண்ணி, ஸ்பஞ்சைக் குழாய்த் தண்ணியில அலசிடுங்க” என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். கேட்காதீர்கள். குளோரின் பட்டால் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

ஆறில் இரண்டு கோல்டு ஃபிஷ் பிழைத்தன, இப்போது நண்பரின் பெரிய தொட்டியில் இருக்கின்றன. ஷார்க் இரண்டும் முதலிலேயே போய்விட்டன. என் தொட்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது, ஸ்பஞ்சும் நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. வில்லிவாக்கம் பக்கம் யாராவது புதுத் தொட்டி வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம். மூடி போட்ட டப்பா மட்டும் கொண்டுவாருங்கள், வெட்டிய கையோடு தொட்டித் தண்ணீரில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.